அசையாத குஞ்சுக்கு நரம்பு அதிகம்

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மேல் வீட்டுப் பெண் மெதுவாகப் படியேறி வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தாள். அவளுக்கு இது 20ஆவது வாரம். முதல் நாள்தான் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருந்தாள்.

“அக்கா, சும்னே ஒண்ணு கேக்குறேன்” என்றாள். பெங்களூரில், இதே ராமமூர்த்தி நகரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் பேச்சில் ‘சும்மா’ எப்போதோ ‘சும்னே’ ஆகிவிட்டது. “எங்க அத்த சொல்றாங்க, வயித்துக்குள்ள பாப்பா ஆடிக்கிட்டே இருக்கணுமாம். ஆடலன்னா நரம்பெல்லாம் செத்துப்போயிடுமாம். நெசமா? நீங்க அதத்தான படிச்சீங்க?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. கையிலிருந்த ஈரத் துண்டை இரண்டு தடவை உதறினேன்.

இரண்டு வருடம் நான் கண்ணால் பார்த்தது அத்தை சொன்னதற்கு நேர் எதிர். அசையாமல் கிடந்த கோழிக் கருவில் நரம்பணுக்கள், அதாவது நரம்பின் உயிரணுக்கள், பிழைத்தன. ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்த கருவில்தான் ஆயிரக்கணக்கில் செத்தன. இதை ஒரு கர்ப்பிணியிடம் மொட்டை மாடியில் நின்றபடி எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். அப்பா ஒரு கோழிப்பண்ணையில் சூப்பர்வைசராக இருந்தார். பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு இடம் கிடைத்து, கோழிக் கருவில்தான் வேலை என்று போனில் சொன்னதும் அவருக்குப் பிடிபடாத சந்தோஷம். “முட்டைக்கா பஞ்சம்? வாரம் ரெண்டு அட்டை போட்டு உடறேன் கண்ணு. நம்மூரு வண்டி தெனமும் அங்கதான வருது.”

“அப்பா, அந்த முட்டையில உசுரு இல்லீங்களே.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தார். “அட ஆமா. சேவலே இல்லியே.”

நாமக்கல் பண்ணைகளில் கூண்டு கூண்டாக இருப்பதெல்லாம் பெட்டைகள். சேவல் சேராமலே முட்டையிடும். அதை 21 நாள் இன்குபேட்டரில் வைத்தாலும் கடைசியில் மிஞ்சுவது கூமுட்டைதான். கடையில் வாங்கும் முட்டையைத் தின்றால் ஓர் உயிரைத் தின்ற பாவம் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்.

அதனால் சேவல் சேர்ந்த முட்டைக்கு நான் பெங்களூர் ஓரத்தில் இருக்கும் ஹெசரகட்டா பக்கம் போக வேண்டியிருந்தது. வாரம் ஒரு நாள், பஸ்ஸில், மடியில் 30 முட்டை அட்டை. குழி வந்தால் இரண்டு கையாலும் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். கண்டக்டர்கள் என்னை ‘மொட்டெ மேடம்’ என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கன்னடத்தில் மொட்டெ என்றால் முட்டை. குலுங்கி வந்த முட்டையை நேரே சூட்டில் வைக்கக்கூடாது. குளிர்ச்சியான இடத்தில் ஓர் இரவு இளைப்பாற விட்டு, மறுநாள்தான் இன்குபேட்டர். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. அம்மாயி அவயம் வைக்கும்போது அப்படித்தான் செய்யும். கூடையில் தவிடு பரப்பி முட்டை அடுக்கி, கோழியை உட்காரவைத்து, ஏழாம் நாள் இருட்டில் ஒவ்வொரு முட்டையாக டார்ச்சுக்கு நேரே பிடித்துப் பார்க்கும். சிவப்பாக வேர் ஓடியிருந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது. ஓடாதது குழம்புக்கு.

ஆய்வகத்தில் 38 டிகிரி, தண்ணீர்த் தட்டு வைத்து ஈரப்பதம். முட்டை படுத்த வாக்கில் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் முனையில் ஊசியால் குத்தி, சிரிஞ்சில் இரண்டு மூன்று மில்லி வெள்ளைக் கருவை உறிஞ்சி எடுத்தால் உள்ளே கரு ஓட்டைவிட்டுக் கொஞ்சம் கீழே இறங்கும். பிறகு மேல் ஓட்டில் டேப் ஒட்டி, சின்னக் கத்தரியால் வட்டமாக வெட்டினால் ஒரு ஜன்னல். டேப் இல்லாமல் வெட்டினால் ஓட்டுத் தூள் கருவின்மேல் விழும். என் முதல் அட்டை முழுவதும் அப்படித்தான் போயிற்று. இரண்டாவது அட்டை ஒரு சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போய்ப் போயிற்று. மூன்றாவதில்தான் ஜன்னல் வழியாக முதல்முதலாகப் பார்த்தேன்: மஞ்சள்மேல் சிவப்பு வலை, நடுவில் காற்புள்ளி அளவுக்கு ஒரு கரு, அதற்குள் துடிக்கும் ஒரு புள்ளி. மூன்றரை நாளில் கழுத்து லேசாக அசையும். ஆறாம் நாள் கால் உதைக்கும். யாரும் தொடவில்லை, ஒலியில்லை, ஒளியில்லை. அதுவாகவே உதைக்கும். தண்டுவடத்திலிருந்தே வருகிற உதை அது.

சுவரில் பெரிய படம் ஒன்று ஒட்டியிருக்கும். கோழிக் கருவின் 46 நிலைகள். 1951-இல் விக்டர் ஹாம்பர்கரும் ஹாமில்டனும் வகுத்தது. உலகத்தில் கோழிக் கருவைத் தொடும் எல்லோரும் இன்றைக்கும் அந்த எண்களில்தான் பேசுகிறார்கள். என் கதைக்கும் ஹாம்பர்கர்தான் ஆரம்பம்.

அவர் ஜெர்மானியர், 1900-இல் பிறந்தவர். 1932-இல் ஓர் ஆய்வு உதவித்தொகையில் சிகாகோ போனார். மறு வருடம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதர் என்பதால் ஊரில் அவருடைய வேலை பறிபோயிற்று. திரும்பிப் போகவில்லை. அமெரிக்காவில் அவர் செய்தது எளிமையான சோதனைதான். மூன்று நாள் கருவில் இறக்கை முளைக்கும் மொட்டைக் கிள்ளி எடுத்துவிட்டார், ஒரு பக்கம் மட்டும். சில நாள் கழித்துத் தண்டுவடத்தை வெட்டிப் பார்த்தால், கிள்ளிய பக்கத்தில் இயக்க நரம்பணுக்கள், அதாவது தசைக்கு ‘சுருங்கு’ என்று கட்டளை அனுப்பும் அணுக்கள், மிகக் குறைவு. இறக்கை இல்லையென்றால் இறக்கையை ஆட்டும் நரம்பணுவும் இல்லை. 1934-இல் இதை வெளியிட்டார். ஆனால் காரணத்தைத் தவறாக யூகித்தார்: தசையிலிருந்து ஏதோ செய்தி வந்து புது நரம்பணுக்களை உருவாக்கச் சொல்கிறது, தசை இல்லாததால் உருவாகவில்லை என்றார்.

தவறைக் கண்டுபிடித்தது இத்தாலியில் ஒரு படுக்கையறை. ரீட்டா லெவி-மொண்டால்சினி மருத்துவம் படித்தவர். அவரும் யூதர். 1938 இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்டு, டூரினில் தன் படுக்கையறையிலேயே ஆய்வகம் வைத்தார். தையல் ஊசியைத் தீட்டிக் கத்தி. குண்டுவீச்சுக்குப் பயந்து குடும்பம் கிராமத்துக்கு ஓடியபோது அங்கேயும் ஒரு மூலையில் அதே வேலை. முட்டைக்குச் சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போவார். பிள்ளைகளுக்கு என்று சொல்லி வாங்குவார், கூடவே “சேவல் இருக்கா?” என்று கேட்பார். சேவல் சேர்ந்த முட்டைதான் சத்து என்று காரணம் சொல்வாராம். இதைப் படித்த அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். “வெவரமான அம்மாதான்” என்றார். வேறு எந்த விஞ்ஞானியைப் பற்றியும் அப்பா அதற்குப் பிறகு கேட்டதில்லை. இவரைப் பற்றி மட்டும், “அந்தச் சேவலம்மா இருக்காங்களா?” என்று அவ்வப்போது விசாரிப்பார். 2012-இல், 103 வயதில் இறந்தார் என்று சொன்னபோது, “நல்ல சாவு” என்றார்.

லெவி-மொண்டால்சினி அதே சோதனையைச் செய்தார். ஆனால் கடைசி நாளில் மட்டும் பார்க்காமல் நாளுக்கு நாள் பார்த்தார். நரம்பணுக்கள் எப்போதும்போல உருவாகின்றன, நீண்ட வாலை இறக்கை இருக்க வேண்டிய இடம் நோக்கி அனுப்புகின்றன, அதற்குப் பிறகுதான் சாகின்றன. குறைந்தது பிறப்பு அல்ல, பிழைப்பு. இதைப் படித்த ஹாம்பர்கர் போர் முடிந்ததும் அவரை செயின்ட் லூயிஸுக்கு அழைத்தார். தன் முடிவைத் தவறென்று காட்டியவரையே தன் ஆய்வகத்துக்கு அழைத்த மனுஷன். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்? 1986-இல், நரம்பணுக்களைப் பிழைக்கவைக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணி முதலான வளர்ச்சிக் காரணிகளைக் கண்டுபிடித்ததற்காக லெவி-மொண்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் நோபல் கிடைத்தபோது ஹாம்பர்கருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் அதில் ஒரு குறை உண்டு.

யாரும் எதையும் கிள்ளாத, நல்லபடியாக வளரும் கருவிலும் இந்தச் சாவு நடக்கிறது என்பதை இயக்க நரம்பணுக்களில் எண்ணிக் காட்டியதும் ஹாம்பர்கர்தான். 1975-இல், 75 வயதில். ஒரு பக்கக் காலை ஆட்டுவதற்கு ஆறாம் நாள் வாக்கில் சுமார் 20,000 நரம்பணுக்கள் இருக்கின்றன. சில நாளிலேயே சுமார் 12,000 ஆகிவிடுகின்றன. பத்தில் நான்கு போய்விட்டது. நோயில்லை, காயமில்லை. இன்னொரு காலை ஒட்டவைத்து வளர்த்தால் சாவு குறைகிறது என்பதை மறு வருடம் ஹாலிடேயும் அவரும் காட்டினார்கள். தசை அதிகமானால் பிழைப்பவை அதிகம், தசை குறைந்தால் குறைவு.

இவ்வளவும் தெரிந்துதான் நான் வேலையை ஆரம்பித்தேன். என் கைடு ஒரு கன்னடக்காரர், ரஜினி படம் பார்த்துக் கற்ற தமிழில் என்னிடம் பேசுவார். “குராரே போடு. ஆறாம் நாள்லேந்து ஒன்பதாம் நாள் வரை. பத்தாம் நாள் எண்ணு. என்ன வரும்னு எழுதி வெச்சுட்டு ஆரம்பி.”

குராரே தென் அமெரிக்கக் காட்டு மக்கள் அம்பில் தடவும் விஷம். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவந்து தசையில் உள்ள ஏற்பிகளில் உட்கார்ந்தால்தான் தசை சுருங்கும். குராரே அந்த இடத்தில் முன்பே உட்கார்ந்துகொள்ளும். நரம்பு கத்தும், தசைக்குக் கேட்காது. நம் ஊர்ப் பக்கம் கட்டுவிரியன் கடித்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காட்டுக் கொட்டாயில் தரையில் படுத்திருந்த ஒருவரை எங்கள் ஊரில் இப்படிக் கடித்தது. வலி தெரியாது. விடிகாலையில் எழுந்தால் இமை தூக்க முடியாது, பேச்சு குழறும், பிறகு மூச்சு. அவர் பிழைத்தார், சேலத்தில் பத்து நாள் இருந்து. அதே இனத்தைச் சேர்ந்த தைவான் கட்டுவிரியனின் விஷத்திலிருந்து 1963-இல் சாங், லீ என்ற இருவர் பிரித்தெடுத்த புங்காரோடாக்சினும் குராரே உட்காரும் அதே இடத்தில்தான் போய் உட்காருகிறது, ஆனால் எழுந்திருக்காமல். இந்தத் துறையில் அதையும் கருவுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எங்களிடம் குராரேதான் இருந்தது.

நான் எழுதி வைத்தது: ‘எண்ணிக்கை குறையும்.’ யோசிக்கவே இல்லை. தொடர்பு இருந்தால் பிழைக்கும், தொடர்பைத் துண்டித்தால் சாகும். கால் மொட்டைக் கிள்ளினால் ஏறக்குறைய எல்லாமே சாகிறதே. வேலை செய்யாத நரம்பு வீணாகும் என்பது அத்தைக்கு மட்டுமா தெரியும், எனக்கும்தான்.

ஜன்னலைத் திறந்து தினமும் ஒரு சொட்டு. பாதி முட்டைகளுக்குக் குராரே, மீதிக்கு உப்புத் தண்ணீர். விட்ட ஒரு மணி நேரத்தில் உதை நின்றுவிடும். இதயம் மட்டும் ஓடும், அது இந்த விஷத்துக்குக் கட்டுப்படாது. ஒன்பதாம் நாள் திறந்து பார்த்தால், உப்புத் தண்ணீர்க் குஞ்சு கண்ணாடித் தொட்டி மீன் மாதிரி நெளிந்துகொண்டிருக்கும். மற்றது மிதக்கும்.

பத்தாம் நாள் எடுத்து, பதப்படுத்தி, மெழுகில் வைத்து, தலைமுடியை விட மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஊதாச் சாயம் ஏற்றினோம். எது எந்த முட்டை என்று எனக்குத் தெரியாமல் லேப் அசிஸ்டென்ட் எல்லாக் கண்ணாடிகளுக்கும் வேறு எண் ஒட்டிவிட்டார். பிறகு ஆறு வாரம் இருட்டறை. பத்துச் சீவலுக்கு ஒன்று. கையில் ஒரு கிளிக்கர், அமுக்கினால் ஒன்று கூடும். இயக்க நரம்பணுக்கள் தண்டுவடத்தின் வயிற்றுப் பக்கம், ஓரமாக, மற்றவற்றைவிடப் பெரிதாக, கூட்டமாக இருக்கும். அணுவுக்குள் உட்கருவும், உட்கருவுக்குள் புள்ளி வைத்ததுபோல நியூக்ளியோலஸும் தெரிந்தால்தான் கணக்கு. இல்லாவிட்டால் ஒரே அணுவை இரண்டு சீவலில் எண்ணிவிடுவோம். நடுநடுவே செத்துக்கொண்டிருப்பவையும் தெரியும். மிளகு மாதிரி கறுத்து, சுருண்டு.

14ஆம் நம்பர் கண்ணாடியில் மிளகே இல்லை.

அடுக்கி வைத்ததுபோல ஊதா அணுக்கள். கிளிக்கர் ஓடிக்கொண்டே இருந்தது. 17-உம் அப்படியே. 22-உம். சரி, இவையெல்லாம் உப்புத் தண்ணீர் முட்டைகள், மிளகு நிறைந்து கிடப்பவை குராரே என்று முடிவு கட்டிக்கொண்டேன். (எண்ணி எண்ணி அந்த நாட்களில் எனக்குச் சாப்பாட்டுத் தட்டிலும் இந்த மிளகுதான் தெரிந்தது. அல்சூரில் அப்போது தங்கியிருந்த வீட்டு அக்கா வைத்த மிளகு ரசத்தை ஒரு மாதம் தொடவில்லை.)

எண்களைப் பிரித்தார்கள். 14, 17, 22, எல்லாம் குராரே.

பயந்துபோனேன். எங்கேயோ மாற்றி ஒட்டியிருக்கிறோம், இரண்டு வருடத்தில் முதல் வேலையே நாசம் என்று நினைத்தேன். லேப் அசிஸ்டென்ட்டின் நோட்டை வாங்கி ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். அந்த மனிதர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. கைடிடம் போய் மாதிரி மாறியிருக்கும் என்றேன். “மாறல. மறுபடி பண்ணு” என்றார். மறுபடி ஹெசரகட்டா, மறுபடி பஸ், மறுபடி ஆறு வாரம். அதே விடை. அசையாத குஞ்சில் கால் நரம்பணுக்கள் அதிகம், கண்ணை உறுத்தும் அளவுக்கு. சாவு நடக்கவே இல்லாததுபோல.

அன்றைக்குத்தான் மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தார். பிட்மேன், ஓப்பன்ஹைம், 1978. நான் செய்ததையெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே செய்து முடித்திருந்தார்கள். நரம்புக்கும் தசைக்கும் இடையே பேச்சை நிறுத்தினால் இயக்க நரம்பணுக்கள் சாவதில்லை. எனக்குக் கோபம் வந்தது. முன்பே சொல்லியிருக்கலாமே சார் என்றேன். “சொல்லியிருந்தா உன் கண்ணு அதையே எண்ணியிருக்கும்.” அதோடு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

சில வருடம் கழித்து அதே ஓப்பன்ஹைம் எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்த்தார். கருவின் காலை மின்சாரத்தால் தூண்டி அதிகமாக அசையவைத்தால், சாவு கூடுகிறது.

அப்படியானால் தொடர்பு உயிர் கொடுக்கிறதா, எடுக்கிறதா? என் அறைத்தோழி ஐ.டி. கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தாள். “இது எங்க இன்டர்வியூ மாதிரிதான்டி. 20,000 பேர் வருவாங்க, தேறினவங்களை வெச்சுக்குவோம்” என்றாள். பாடப் புத்தகங்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன. எனக்கு இந்த உவமை பிடிப்பதே இல்லை. முதலாவது, செத்துப்போகிறவை தோற்றவை அல்ல. அவையும் சரியான தசைக்கே வாலை அனுப்பியிருக்கின்றன. வழி தவறியவர்களைக் கழிக்கத்தான் இந்தச் சாவு என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். லின் லாண்ட்மெஸரும் லான்ஸ்-ஜோன்ஸும் பார்த்தபோது, சாவு தொடங்கும் முன்பே வால்கள் ஏறக்குறைய எல்லாம் சரியான தசையில்தான் இருந்தன. இரண்டாவது, கம்பெனிக்குப் பூட்டுப் போட்டால் வந்தவர்கள் எல்லோருக்கும் வேலை கிடைக்கும் என்று எந்த ஊரில் நடக்கும்? இங்கே நடக்கிறது.

எப்படி நடக்கிறது என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு. தசை ஏதோ ஊட்டப் பொருளைக் கொஞ்சமாகச் சுரக்கிறது, அதைக் குடித்துத்தான் நரம்பணு பிழைக்கிறது என்பதில் இரண்டுக்கும் சண்டை இல்லை. முதல் விளக்கம்: சுருங்கி விரிந்து வேலை செய்யும் தசை ஊட்டத்தைக் குறைவாகச் சுரக்கும், சும்மா கிடக்கும் தசை அதிகமாகச் சுரக்கும். இரண்டாவது: சுரப்பது அவ்வளவேதான், எட்டுவதுதான் வேறுபடுகிறது. நரம்பின் வால் தசைக்குள் போய்க் கிளை விடுகிறது. கிளை அதிகமானால் உறிஞ்சும் வாயும் அதிகம். தசை அசைய ஆரம்பித்ததும் கிளை விடுவது கட்டுப்படுகிறது. அசையாத தசையில் கிளை தாறுமாறாகப் படர்கிறது. லாண்ட்மெஸரின் குழு 1980களின் கடைசியில் வெள்ளியேற்றிய தசைகளில் இந்தக் கிளைகளை வரைந்தே காட்டியது.

நான் இரண்டாவது கட்சி. காரணம் ஓர் எலி. நரம்பு வந்து தொடும் இடத்தில் ஏற்பிகளைக் கட்டிக் குவித்து வைப்பது ராப்சின் என்ற புரதம். அது இல்லாத எலிக்கருவில் ஒழுங்கான நரம்பு-தசைச் சந்திப்பே உருவாகாது. பழைய கணக்குப்படி சந்திப்பு இல்லையென்றால் நரம்பணுக்கள் கூண்டோடு போயிருக்க வேண்டும். 2001-இல் எண்ணிப் பார்த்தபோது வழக்கத்தைவிட அதிகம் பிழைத்திருந்தன. வால்கள் தசை முழுக்கக் கிளை விட்டு அலைந்துகொண்டிருந்தன. நரம்பு தசையிடம் போய்ச் சேர வேண்டும், அது கட்டாயம். தசையே இல்லாவிட்டால் சாவுதான். ஆனால் சந்திப்பு என்று ஒன்று முறையாகக் கட்டி முடிந்து, பேச்சும் தொடங்கிவிட்டால், அதுவே ‘போதும், இனிக் கிளை விடாதே’ என்கிற உத்தரவும் ஆகிறது. அந்த உத்தரவு வந்தபிறகுதான் ஊட்டம் பற்றாமல் போகிறது. பசுமாட்டுக்குக் கயிறு கட்டியதும் மேயும் வட்டம் சுருங்குவதுபோல என்று கைடிடம் சொன்னேன். “நாட் பேட்” என்றார். இரண்டு வருடத்தில் கிடைத்த ஒரே பாராட்டு.

ஊட்டம் என்பது ஒரே ஒரு பொருளும் இல்லை. லெவி-மொண்டால்சினி கண்டுபிடித்த வளர்ச்சிக் காரணி உணர்வு நரம்பணுக்களைக் காக்கும், இயக்க நரம்பணுக்களைக் காக்காது. அதற்கு வேறு பெயர்கள் 1990களில் வரிசையாக வந்தன: சிஎன்டிஎஃப், பிடிஎன்எஃப், 1994-இல் ஜிடிஎன்எஃப். கரு காலத்தில் காப்பாற்றுகிறதே, பெரியவர்களுக்கு இயக்க நரம்பணுக்கள் அழியும் ஏஎல்எஸ் நோய்க்கும் கொடுக்கலாமே என்று முதல் இரண்டையும் நோயாளிகளிடம் சோதித்தார்கள். பலன் இல்லை.

இந்த அணுக்கள் கொலை செய்யப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊட்டம் பற்றாதபோது தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் கருவி ஒவ்வொரு அணுவுக்குள்ளும் தயாராக இருக்கிறது. சின்னஞ்சிறு நூல்புழு ஒன்றில் 1,090 அணுக்கள் பிறந்து, அதில் 131 சாகும். எந்த 131 என்பதுகூட முன்பே எழுதப்பட்டது, ஒவ்வொரு புழுவிலும் அதே. குஞ்சில் அப்படி இல்லை. எது போகும் என்று யாருக்கும் தெரியாது. கருவியின் ஒரு பாகமான பேக்ஸ் என்ற மரபணுவை எலியில் நீக்கிப் பார்த்தார்கள். செத்திருக்க வேண்டியவை சாகவில்லை, ஆனால் இளைத்துப்போய், தசையோடு தொடர்பில்லாமல் சும்மா கிடந்தன.

அசையாத குஞ்சுகளைப் பற்றி இன்னொன்று. என் நோட்டில் நரம்பணு எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ‘கால்’ என்று ஒரு பத்தி உண்டு. கைடு கேட்கவில்லை, நானாகச் சேர்த்தது. உப்புத் தண்ணீர்க் குஞ்சுகளுக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்க மாட்டேன். மற்றவற்றுக்கு எதிரே ‘மெலிவு’, ‘மூட்டு மடங்கவில்லை’, ‘பாதம் உள்ளே திரும்பியது’. இதுவும் புதிதல்ல. 1962-இலேயே ட்ராக்மனும் கூலம்பரும் குராரே கொடுத்த கோழிக் கருவில் கோணல் பாதமும் இறுகிய மூட்டும் வருவதைக் காட்டியிருந்தார்கள். ஓரிரு நாள் அசையாமல் இருந்தாலே போதும். இரண்டு எலும்புக்கு நடுவே இடைவெளி உண்டாகி மூட்டாக நிலைக்க அந்த உதை வேண்டும். தலையெழுத்தில் நரம்பணு அதிகம், கால் நடக்காது. எண்ணிக்கை அதிகம் என்று நான் மகிழ்ந்த கண்ணாடிகள் எல்லாம் இப்படிப்பட்ட கால்களிலிருந்து வந்தவை.

மனிதக் கருவில் இந்தச் சாவு கிட்டத்தட்ட 11ஆவது வாரத்திலிருந்து 25ஆவது வாரத்துக்குள் நடந்து முடிகிறது. மாடியில் துண்டை உதறிக்கொண்டு நின்றபோது எனக்குச் சட்டென்று தோன்றிய எண்கள் இவைதான். அவளுக்கு 20.

நேற்று சாயங்காலம் அவளே கீழே வந்தாள், இட்லி மாவுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க. “உங்க அத்த சொன்னது பாதி சரி” என்றேன். கோழிக் கருவில் நான் செய்ததையும் சுருக்கமாகச் சொன்னேன். ஆடுவது மூட்டுக்கும் தசைக்கும் வேண்டும். நரம்பு செத்துவிடும் என்பது சரியில்லை. அசைவு தெரிய ஆரம்பித்த பிறகு எப்போதாவது குறைந்ததுபோல இருந்தால் அத்தையிடமும் கேட்காதே, என்னிடமும் கேட்காதே, நேரே டாக்டரிடம் போ. தலையாட்டினாள். நேற்றுக் காலையிலிருந்து மீன் துள்ளுவதுபோல ஏதோ தெரிகிறதாம், அது வாயுவா பாப்பாவா என்று சந்தேகமாம்.

பிறகு, “அக்கா, அந்தக் கோழிக்குஞ்சுங்க... ஊசி போட்டீங்களே. அதெல்லாம் பொரிஞ்சு வந்துச்சா?”

“கிண்ணத்த அங்கயே வெச்சிட்டுப் போ, நான் கழுவிக்கிறேன்” என்றேன்.